தோல் வாசனை ஒரு பாராட்டு!

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்குகிற வெளியூர்க்காரர் முதலில் செய்கிற காரியம், மூக்கைப் பொத்திக்கொள்வது. ஊர்க்காரர்களைக் கேட்டால், ‘வாசனையா? எங்கே?’ என்பார்கள். தோல் வாசனை அவர்களுக்குச் சோறு போடுகிற வாசனை.

அதே தோல் வாசனையை ஒரு பீருக்குப் பாராட்டாகச் சொல்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? ‘பழைய தோல், குதிரை லாயம், வைக்கோல்’... பெல்ஜியம் நாட்டின் சில பீர்களை ருசித்து எழுதுகிறவர்கள் சர்வசாதாரணமாகப் போடும் வார்த்தைகள் இவை. காரணம், பிரெட்டனோமைசிஸ் என்கிற ஒரு வகை ஈஸ்ட். டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் கிளாசன் என்ற விஞ்ஞானி 1904-ல் இதைப் பற்றி உலகத்துக்குச் சொன்னார். ஒயினில் இது தலைகாட்டினால் பெரும்பாலும் ‘கெட்டுப்போச்சு’ என்பார்கள். பெல்ஜியத்தின் ஓர்வால் மடத்து ஆலையிலோ, பாட்டிலில் அடைக்கும்போது இதை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள்.

உங்களைக் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. ‘மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு’ என்று நம்மூர் பாட்டிலிலேயே முன்பு எழுதியிருந்தார்கள். மறுப்பதற்கில்லை. நான் பேச வந்தது நாக்கைப் பற்றி.

பெல்ஜியத்தின் தென்பகுதியில், பிரெஞ்சு பேசுகிற எய்னோ மாகாணத்தில் பிறந்தது ‘சேஸோன்’ என்ற பண்ணை பீர். பெயருக்குப் பருவம் என்று அர்த்தம். குளிர்காலத்தில் காய்ச்சி வைத்து, கோடையில் வயல்வேலைக்கு வரும் கூலியாட்களுக்குக் கொடுப்பார்களாம். நம்மூரில் நடவுக்கு வந்தவர்களுக்கு மோரும் கூழும் கொடுத்த மாதிரி. அந்தக் காலத்தில் இது லேசான சரக்குதான். ஆளைச் சாய்த்துவிட்டால் அறுவடை யார் செய்வது?

இன்று இந்த வகைக்கு அளவுகோலாகச் சொல்லப்படுவது சேஸோன் துப்போன். துர்ப் என்ற சின்ன கிராமத்தில், 1844-லிருந்து பீர் காய்ச்சும் பண்ணையில் தயாராகிறது. 1920-ல் துப்போன் குடும்பத்தின் கைக்கு வந்த ஆலை. ஆல்கஹால் 6.5 சதவிகிதம். தோல் ஏற்றுமதி விஷயமாக ஐரோப்பா போய்வந்த நண்பர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த ஒரு பாட்டிலை நான்கு பேர் பங்கு போட்டோம்.

ஐஸ் மாதிரி குளிரவைத்துக் குடித்தால் போச்சு. மரத்துப்போன நாக்குக்கு எல்லாமே சோடாதான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் சாய்த்து ஊற்றவேண்டும். கலங்கலான பொன்னிறம். மேலே முட்டையின் வெள்ளைக்கருவை அடித்த மாதிரி நுரை. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் மிளகு, எலுமிச்சைத் தோல், காய்ந்த புல். இதில் மிளகு போடவே இல்லை என்பதுதான் வேடிக்கை. அது ஈஸ்ட்டின் கைவண்ணம். இந்த ஈஸ்ட் முப்பது டிகிரிக்கு மேல் போனாலும் அசராமல் வேலை செய்யும். ராணிப்பேட்டைக்குப் பெண் கொடுக்கலாம்!

முதல் வாயில் தானியத்தின் சாயல் எட்டிப்பார்க்கும். இனிப்பு வரும் என்று காத்திருந்தால், வராது. இருந்த சர்க்கரையை எல்லாம் ஈஸ்ட் தின்று தீர்த்துவிட்டது. கடைசியில் நாக்கைத் துடைத்துவிட்ட மாதிரி ஒரு வறட்சி, கூடவே மெல்லிய கசப்பு. வெயிலில் வேலை செய்தவனுக்கு இதுதான் தேவை. இனிப்பு தாகத்தைத் தீர்க்காது.

குறையும் உண்டு. இது பெரும்பாலும் பச்சைப் பாட்டிலில் வருகிறது. வெளிச்சம் பட்டால் பீரில் உள்ள ஹாப்ஸ் பூவின் கசப்புச் சத்து மாறி, ஒரு துர்நாற்றம் கிளம்பும். பிரவுன் பாட்டில் இதை நன்றாகவே தடுக்கும். எங்கள் பாட்டிலில் லேசாக அடித்தது. அழகுக்காகப் பச்சை என்றால், விலை அதிகம்.

சரி, கூலிக்காரர்களின் பானத்துக்கு இத்தனை மரியாதை எப்படி வந்தது? ஒரு பெரிய காரணம், எழுத்து. மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்ல!) என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் 1977-ல் உலக பீர்களை வகை பிரித்து ஒரு புத்தகம் போட்டார். பெல்ஜியம் பற்றித் தனியாகவும் எழுதினார். ருசிக்கு வார்த்தை கிடைத்ததும் தேடிவந்து கேட்க ஆள் வந்தார்கள். 2016-ல் பெல்ஜியத்தின் பீர் கலாசாரத்தை யுனெஸ்கோவே தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

இங்கே? டாஸ்மாக் வாசலில் இரண்டே கேள்விகள்தான் காதில் விழுகின்றன. ‘ஸ்ட்ராங்கா?’ ‘கூலிங் இருக்கா?’ 2003-லிருந்து சில்லறை விற்பனை முழுக்க அரசு கையில். பி.காம். படித்தவனுக்கு ஒன்று தெரியும்: ஒரே கடை, ருசி கேட்காத வாடிக்கையாளர் என்றால், சரக்கை நல்லதாக்க யாருக்கும் அவசரம் இருக்காது.

நமக்கு நாக்கு இல்லையா என்ன? டிகாஷன் முதலாவதா, இரண்டாவதா என்று ஒரே வாயில் கண்டுபிடிக்கிற ஜனங்கள் நாம். நம்மிடமும் ஒரு பண்ணை பானம் இருந்தது. கள். காலையில் இறக்கினால் இனிப்பு, மதியத்தில் சுருக்கென்று ஒரு பிடி, சாயங்காலம் புளிப்பு. காற்றில் வரும் ஈஸ்ட்டே எல்லா வேலையும் செய்துவிடும். சேஸோன் மாதிரி மாதக்கணக்கில் தாங்காது என்பது அதன் பலவீனம். 1987-லிருந்து தமிழ்நாட்டில் அதற்குத் தடை. தடை சரியா என்று தனியாகச் சண்டை போடலாம். ஆனால் ஒரு நஷ்டம் கணக்கில் வரவே இல்லை. நல்ல கள் எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரிந்த தலைமுறைக்கு வயதாகிவிட்டது.

கலப்படம்தான் கள்ளுக்கு எதிராகச் சொல்லப்படும் பெரிய வாதம். விஷத்தை நாக்கு கண்டுபிடிக்காது. மெத்தனாலுக்கு ஆய்வுக்கூடம்தான் வேண்டும். ஆனால் தண்ணீர் ஊற்றியது, சாக்கரின் போட்டது, நேற்று இறக்கியது இதையெல்லாம் பழகிய நாக்கு பிடித்துவிடும். நாளைக்கே தடை நீங்கினாலும், ‘இது சரியில்லை, எடுத்துட்டுப் போ’ என்று சொல்ல யார் இருப்பார்கள்?

தோலைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, முதல் தரமா, மூன்றாம் தரமா என்று சொல்கிற தொழிலாளிகள் ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் ‘இது ஆகாது’ என்று ஒதுக்கிவைப்பதால்தான் நம் தோலுக்கு வெளிநாட்டில் மதிப்பு. வாய்க்குள் போகிற விஷயத்தில் மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறோம்?