சன்னலை அடைத்தவள்

எமிலி பிராண்டேயின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவல் என்றதும் எல்லோரும் மூன்றாம் அத்தியாயத்துக்குத்தான் ஓடுகிறார்கள். பனிக்காற்று, பலகை அடைத்த கட்டில், உடைந்த கண்ணாடி வழியே நீட்டிய கையைப் பற்றிக்கொள்ளும் சில்லிட்ட சின்னக் கை, பயத்தில் அந்த மணிக்கட்டைக் கண்ணாடி விளிம்பில் வைத்து அங்கே இரவு தங்கிய லாக்வுட் தன் கனவில் தேய்க்கத் தேய்க்கப் படுக்கையை நனைக்கும் ரத்தம். கோதிக் எழுத்தின் உச்சம் இது என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் இந்தக் காட்சியின் மறுபாதி 34ஆம் அத்தியாயத்தில், நாவல் முடியும் இடத்தில் இருக்கிறது. அதே கட்டில், அதே சன்னல். உள்ளே மழை அடித்திருக்கிறது. செத்துக் கிடக்கும் நாயகன் ஹீத்கிளிஃபின் கை சன்னல் விளிம்பில் கிடக்க, காற்றில் ஆடிய கதவு அதைச் சிராய்த்திருக்கிறது. தோல் கிழிந்திருக்கிறது, ரத்தம் வரவில்லை. கனவில் வந்த ஆவிக்கு ரத்தம் கொட்டியது, உடலோடு இருந்தவனுக்குக் கசியக்கூட இல்லை.

இதை நமக்குச் சொல்பவள் வீட்டுப் பணிப்பெண் நெல்லி டீன். ரத்தம் வராததை அவள் கவனிப்பது உயிர் போய்விட்டதா என்று பார்ப்பதற்காக மட்டுமே. இரண்டு கைகளையும் அவள் முடிச்சுப் போடுவதில்லை. அவள் சொன்னதைக் கேட்டு எழுதும் லாக்வுட், கனவு கண்டவனே ஆனாலும், அவனும் போடுவதில்லை. முடிச்சு வாசகர் கையில் விடப்படுகிறது. கதைசொல்லியை எங்கே நிறுத்துவது என்ற பாலபாடத்தை எமிலி பிராண்டே பேய்க்கதைக்குப் பயன்படுத்திய விதம் இதுதான். அவருக்கு முன், 1764இல் வால்போல் ‘ஒட்ரான்டோ’ நாவலில் ராட்சதத் தலைக்கவசத்தை வானிலிருந்து விழவைத்தார். 1794இல் ராட்கிளிஃப் ‘உடால்ஃபோ’வில் கறுப்புத் திரைக்குப் பின்னால் இருந்ததைப் பல நூறு பக்கங்கள் ஒளித்துவைத்து, கடைசியில் மெழுகுப் பொம்மை என்றார். ராட்கிளிஃபின் மலைகளையும் மாலை வெளிச்சத்தையும் கொண்டாடுபவர்களின் ரசனை எனக்குப் புரிகிறது. ஆனால் விளக்கம் வந்த கணத்தில் அந்தப் பயம் அவிந்துவிடுகிறது. நெல்லியிடம் விளக்கமே இல்லை, பார்த்தது மட்டும் இருக்கிறது. அதனால் 1847இல் வெளிவந்த இந்த நாவலில் பயம் இன்றும் ஆறவில்லை.

நெல்லி வெறும் உத்தி, ஆசிரியரே நேராகச் சொல்லியிருக்கலாம் என்பார்கள். ஒன்பதாம் அத்தியாயத்தைப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது. ஹீத்கிளிஃபை மணந்தால் தனக்கு இழிவு என்று, பின்னால் அந்தச் சன்னலில் ஆவியாக வரும் கேதரின் சொல்லும்போது, அவன் அடுக்களையில் பெஞ்சிலிருந்து எழுந்து சத்தமில்லாமல் வெளியேறுகிறான். அதைப் பார்த்தவள் நெல்லி ஒருத்திதான். கேதரினிடம் உடனே சொல்லியிருந்தால் கதை வேறாகியிருக்கும், அவள் சொல்வதில்லை. எல்லாம் அறிந்த ஆசிரியர் குரலில் இது ஒரு தகவலாகக் கடந்துபோயிருக்கும். அவள் வாயால் கேட்கும்போது, சொல்பவளையே எடைபோட வேண்டியிருக்கிறது. 1850 பதிப்பின் முன்னுரையில் சார்லட் பிராண்டே அவளை நல்ல மனதுக்கும் விசுவாசத்துக்கும் உதாரணமாகக் காட்டினார். 1958இல் ஜேம்ஸ் ஹாஃப்லி என்ற விமர்சகர் இந்த நாவலின் வில்லியே அவள்தான் என்றார். இருவரும் தீர்ப்பெழுத அவசரப்பட்டார்கள் என்பதே என் எண்ணம். நல்லவள் என்று உறுதியானால் அவள் சொல்வதையெல்லாம் நம்பிவிடுவோம், கெட்டவள் என்றால் ஒன்றையும் நம்பமாட்டோம். இரண்டுக்கும் நடுவில் நிற்பதால்தான் அவள் சொல்லும் ஆவி நம் மனத்தை விட்டுப் போக மறுக்கிறது.

இந்த நிச்சயமின்மையைக் கழித்துவிட்டு நாவலைக் காதல்கதையாகச் சுருக்கிவிட்டார்கள் என்பது என் தீராத ஆதங்கம். வில்லியம் வைலரின் 1939 திரைப்படம் இரண்டாம் தலைமுறையை அப்படியே வெட்டிவிட்டு, ஹீத்கிளிஃப், கேதரின் ஆவிகள் இரண்டும் சேர்ந்து நடந்துபோவதைக் காட்டி முடிகிறது. எமிலி காட்டவில்லை. ஊரார் பார்த்ததாகச் சொன்னார்கள், ஆடு மேய்க்கும் சிறுவன் அழுதான் என்று நெல்லி சொல்வதோடு சரி. ஹீத்கிளிஃபின் சாவறையிலும் அவள் செய்வது வீட்டுவேலைதான்: அவன் நெற்றியில் விழுந்த முடியைச் சீவி ஒதுக்குகிறாள், மூடாத கண்களை மூடப் பார்க்கிறாள். அதற்கும் முன்னால், உள்ளே விடச் சொல்லி ஒரு குழந்தை கெஞ்சிய அந்தச் சன்னலைக் கொக்கி போட்டு அடைக்கிறாள்.