ஒரே ஆண்டு, இரண்டு ஒப்பந்தங்கள்

1974 மே மாதம் இந்திரா காந்தியும் முஜிபுர் ரகுமானும் இந்திய-வங்கதேச நில எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஜூன் மாதம் இந்திரா, இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவுடன், கச்சத்தீவை இலங்கைக்கு உரியதாக்கிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். இரண்டாவது ஒப்பந்தம் ஜூலையிலேயே நடைமுறைக்கு வந்தது. முதலாவதை நிறைவேற்ற இந்தியாவுக்கு 41 ஆண்டுகள் பிடித்தன. முதலாவதற்கு நாடாளுமன்றத்தின் வாக்கு தேவைப்பட்டது, இரண்டாவதற்குத் தேவைப்படவில்லை.

அயல்நாடுகளோடு ஒப்பந்தம் செய்வது நம் நாட்டில் மத்திய அரசின் நிர்வாக அதிகாரம். இந்திய மண்ணை விட்டுக்கொடுப்பதானால் மட்டும் அரசியல் சாசனத்தைத் திருத்த வேண்டும் என்று 1960-இல் மேற்கு வங்கத்தின் பெருபாரி நிலப்பகுதி விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. கச்சத்தீவோ உரிமைத் தகராறில் இருந்த இடம்தான், விட்டுக்கொடுத்த நிலமல்ல என்று வாதிட்டு மத்திய அரசு நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டாமலே கடந்துபோனது.

இந்த நடைமுறையை முற்றிலும் தள்ளிவிட முடியாது. பேச்சுவார்த்தைக்குப் போகிறவர் சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடிந்தால்தான் எதிரே இருப்பவர் நம்புவார். அமெரிக்க அதிபர் வில்சன் முன்னின்று உருவாக்கிய வெர்சாய் உடன்படிக்கை, செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவின்றி 1919-லும் 1920-லும் தோற்றது. அவர் கனவு கண்ட பன்னாட்டுச் சங்கத்தில் அவர் நாடே சேரவில்லை. நம் வங்கதேச எல்லையிலும் தாமதத்தின் விலை கடுமையானது. அஸ்ஸாம், மேற்கு வங்க அரசியல் எதிர்ப்புகளுக்கிடையே ஒரு நாட்டுக்குள் சிக்கிய மறுநாட்டின் 162 நிலத்திட்டுகளில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாடிருந்தும் நாடற்றவர்களாக வாழ்ந்தார்கள்.

ஆனால் வேகத்துக்கும் விலை உண்டு. கச்சத்தீவு ஒப்பந்தத்தை எதிர்த்துத் தமிழகச் சட்டமன்றம் 1974 ஆகஸ்டில் தீர்மானம் போட்டது, பலனில்லை. ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்ற ஏற்பாடு 1976 மார்ச்சில் வந்தது, இரு நாட்டு வெளியுறவுச் செயலர்களின் கடிதப் பரிமாற்றமாக. அப்போது நெருக்கடி நிலை. தமிழக அரசு ஜனவரியிலேயே கலைக்கப்பட்டிருந்தது. கேள்வி கேட்க இங்கே சட்டமன்றமே இல்லை. அந்த ஆண்டு கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் மீன்வளப் பகுதி இந்தியாவுக்கு உறுதியானது என்பதும், இன்றைய இந்திய-இலங்கை மீனவர் மோதலில் இழுவை மடிக்கும் பங்குண்டு என்பதும் உண்மை. ஆனாலும் பாதிக்கப்படுவோரைக் கேட்காமல் செய்த முடிவை அவர்கள் தம்முடையதாக ஏற்பதில்லை.

2015-இல் வங்கதேச ஒப்பந்தத்துக்கான சாசனத் திருத்தத்தை இரு அவைகளும் எதிர்ப்பின்றி நிறைவேற்றின. அந்த எல்லைத் தகராறு ஓய்ந்தது. சில வாரங்களில் முடிந்த கச்சத்தீவோ அரை நூற்றாண்டு கழித்தும் தேர்தல் மேடையை விட்டு இறங்கவில்லை.

நடுவழி ஒன்று உண்டு. பிரிட்டன் 2010-இல் இயற்றிய சட்டப்படி, பெரும்பாலான ஒப்பந்தங்கள் உறுதிசெய்யப்படுமுன் 21 அமர்வு நாட்கள் நாடாளுமன்றத்தின் முன் இருக்க வேண்டும். இங்கும் அப்படியொரு கெடுவை வைத்து, பாதிக்கப்படும் மாநிலத்தின் கருத்தையும் கேட்கலாம். இதற்குச் சாசனத் திருத்தம்கூட வேண்டாம். ஏழாவது அட்டவணை, மத்தியப் பட்டியலின் 14-ஆம் இனத்தில் ஒப்பந்தங்கள் பற்றிச் சட்டமியற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கு ஏற்கெனவே தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தி இப்படியொரு நடைமுறையை வகுக்கும் சட்டம்தான் இன்னும் வரவில்லை.