கெர்னல் நினைவகச் சோதனையும் துப்புரவுப் பாணிகளும்

ஒரு ப்ராசஸ் முடிந்தால் அது வாங்கிய நினைவகம் தானாகத் திரும்பிவிடுகிறது. பிறகு கூட்டிப் பெருக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. பாதி சரி. மேலாக் எடுத்தது, எம்மேப் செய்தது, எம்லாக் போட்டுப் பூட்டியது எல்லாம் ப்ராசஸோடு போய்விடும். போகாதவை வேறு. சிஸ்டம் ஃபைவ் வகை ஷேர்டு மெமரித் துண்டு, யாராவது நீக்கும்வரையோ ரீபூட் ஆகும்வரையோ அப்படியே கிடக்கும். ஹியூஜ் பேஜ் எண்ணிக்கையை 1024-க்கு உயர்த்திவிட்டு ஒரு சோதனை பாதியில் செத்தால், பக்கத்துக்கு 2 எம்.பி. வீதம் எக்ஸ்86 எந்திரத்தில் 2 ஜி.பி. முடங்கிப்போகும். அடுத்து ஓடுகிற சோதனை இடம் போதாமல் தோற்கும். பழியும் அதன் தலையில்தான் விழும். இந்த மிச்சத்தை யார் அள்ளுவது என்பதில்தான் பாணிகள் பிரிகின்றன.

கெர்னலுக்குள் மூத்த வழக்கம் கோட்டூ. எடுத்த வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் விடுவிப்பது. நடுவில் எங்கே தவறினாலும் ஃபங்ஷனின் அடியில் உள்ள அதற்கான லேபிளுக்குத் தாவி, அதுவரை எடுத்ததை மட்டும் விடுவிப்பது. கல்லூரிப் பாடத்தில் கோட்டூ தீண்டத்தகாதது. கெர்னலின் நடை விதிகளிலோ அதற்குத் தனிப் பகுதியே உண்டு. 2023-இல் 6.5 பதிப்போடு பீட்டர் ஜில்ஸ்ட்ராவின் முயற்சியால், மாறியின் எல்லை முடிந்ததும் கம்பைலரே விடுவிக்கும் முறையும் வந்தது. இரண்டும் இன்று பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன.

சோதனைக்கென்றே வளர்ந்த பாணிகளில் மூத்தது லினக்ஸ் டெஸ்ட் ப்ராஜெக்ட், சுருக்கமாக எல்.டி.பி. 2000-இல் எஸ்.ஜி.ஐ. நிறுவனம் தொடங்கியது. இங்கே சோதனை எழுதுபவர் செட்டப், டெஸ்ட், க்ளீனப் என மூன்று ஃபங்ஷன் தருகிறார். செட்டப் நடுவழியில் முறிந்தாலும் க்ளீனப் கூப்பிடப்படும். ஆகவே ஃபைல் திறந்ததா, மவுண்ட் ஆனதா என்று ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டே கைவைக்க வேண்டும். திறக்காத ஃபைலை மூடப்போகும் க்ளீனப்பை அங்கே யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

எல்.டி.பி.யின் பெரிய சாதனை என்று நான் நினைப்பது வேறு. சோதனை ஒரு குழந்தை ப்ராசஸில் ஓடுகிறது. மேலே லைப்ரரியின் ப்ராசஸ் காவல் இருக்கிறது. எந்தெந்த ப்ராக், சிஸ் அமைப்புகளைத் தொடப்போகிறோம் என்று சோதனை முன்கூட்டியே அறிவித்துவிட்டால், பழைய மதிப்பைக் குறித்துவைப்பதும் கடைசியில் திருப்பி எழுதுவதும் மேலே இருப்பவர் பொறுப்பு. குழந்தை நேரம் கடந்து கொல்லப்பட்டாலும் பொறுப்பு கைமாறாது. நினைவகம் தீரும்வரை தின்னும் ஓ.ஓ.எம். சோதனைகளில் காவலரையே கெர்னல் கொன்றுவிடும் ஆபத்து உண்டு. அதற்காக அவருடைய ஓ.ஓ.எம். மதிப்பெண்ணை மைனஸ் 1000-க்கு இறக்கிவிடுகிறார்கள். ஃபோர்க்கில் அது குழந்தைக்கும் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால், குழந்தையிடமிருந்து மட்டும் அந்தக் கவசத்தைக் கழற்ற வேண்டும்.

கெர்னல் மூலநிரலோடு சேர்ந்தே வரும் கே-செல்ஃப்டெஸ்ட்டுக்கு ஷுவா கான் பராமரிப்பாளர். நினைவகச் சோதனைகளின் அடைவு நெடுநாள் வி.எம். என்றிருந்து 2023-இல் எம்.எம். ஆனது. இங்கே துப்புரவு பெரும்பாலும் அந்தந்தச் சோதனையின் சொந்தக் கவலை. தரமும் அதற்கேற்பக் கூடிக் குறையும். நல்லதற்கு ஓர் எடுத்துக்காட்டு கே-ஹியூஜ்பேஜ்டி சோதனை. டிரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜ் அமைப்பைப் படித்தால் ஆல்வேஸ், மேட்வைஸ், நெவர் என மூன்று சொல்லும் ஒரே வரியில் வரும். நடப்பில் உள்ளது மட்டும் சதுர அடைப்புக்குள் இருக்கும். படித்த வரியை அப்படியே திருப்பி எழுதினால் கெர்னல் ஏற்காது. அடைப்பை உரித்து ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தச் சோதனை அதைச் செய்கிறது. கன்ட்ரோல்-சி அடித்தாலும் டெர்ம் சிக்னல் வந்தாலும் பழைய நிலையை மீட்டுவிட்டுத்தான் வெளியேறுகிறது. ஆனால் கில் மைனஸ் 9-ஐ எந்த ப்ராசஸாலும் பிடிக்க முடியாது. தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும் சோதனையின் எல்லை அதோடு சரி.

2020 ஜனவரியில் 5.5 பதிப்போடு வந்த கே-யூனிட், கூகுளின் பிரெண்டன் ஹிக்கின்ஸ் தொடங்கியது. இங்கே நினைவகம் வாங்கும்போதே அது சோதனையின் பெயரில் பதிவாகிறது. முடிந்ததும் பதிவானவை எதிர் வரிசையில் விடுவிக்கப்படும். அசர்ட் தோற்று சோதனையின் த்ரெட் நின்றுவிட்டாலும் விடுவிப்பு நடந்தே தீரும். எழுதுபவருக்கு மறக்க வாய்ப்பே இல்லை.

பி.எஸ்.டி. பக்கம் இதைவிடக் கண்டிப்பு. 2007-இல் ஜூலியோ மெரினோ நெட்பி.எஸ்.டி.க்காகத் தொடங்கிய ஏ.டி.எஃப். முறையில், பின்னர் வந்த க்யூவாவிலும், க்ளீனப் தனி ப்ராசஸ். சோதனையின் எந்த மாறியும் அதன் கைக்கு வராது. எதை உருவாக்கினேன் என்பதைச் சோதனை ஒரு ஃபைலில் எழுதிவைத்துவிட்டுப் போக வேண்டும். எழுதுபவருக்கு எரிச்சல்தான். ஆனாலும் சோதனை எப்படிச் செத்தாலும் துப்புரவுக்குக் கேடில்லை. எனக்குப் பிடித்த பாணி இதுதான்.

இவ்வளவும் எதற்கு, எந்திரத்தையே தூக்கி எறிந்துவிடலாமே என்பது இன்றைய பாணி. க்யூ.இ.எம்.யூ.வில் கெர்னலை எழுப்பு, சோதனையை ஓட்டு, சாப்பிட்ட வாழை இலையைப்போல் சுருட்டி எறி. சிஸ்காலர் என்ற சோதனைக் கருவியும் கெர்னலைக் கவிழ்ப்பதையே வேலையாகக் கொண்டிருப்பதால் புது மெய்நிகர் எந்திரங்களை எழுப்பிக்கொண்டே இருக்கும். அதற்கு வேறு வழியுமில்லை. நினைவகச் சோதனைகளுக்கு இதையே பொது விதியாக்குவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. வாங்குவது எவ்வளவு சோதனையோ திருப்பிக் கொடுப்பதும் அவ்வளவு சோதனை. ஸ்லாப் கேஷ் ஒன்றை அழிக்கும்போது உள்ளே பொருள் மிச்சமிருந்தால் கெர்னல் உரக்கப் புகார் செய்யும். அழிக்காமலே எந்திரத்தை அணைத்தால் அந்தப் புகார் எழாது. கேட்டலின் மரினாஸ் எழுதி 2009-இல் 2.6.31-இல் சேர்ந்த கே-மெம்லீக்குக்கோ முதல் தேடலைத் தொடங்கவே ஒரு நிமிடம் வேண்டும், பிறகு 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் தேடும். அரை நிமிடத்தில் அணைந்துவிடும் எந்திரத்தில், நாமாகத் தேடச் சொன்னாலொழிய, அது கண் திறப்பதே இல்லை.

வேடிக்கையான வழக்கங்களும் உண்டு. 2019-இல் உலட்சிஸ்லாவ் ரெஸ்கி எழுதிய விமேலாக் சோதனை மாட்யூல், வேலை எல்லாம் நல்லபடியாக முடிந்தபிறகும் வேண்டுமென்றே பிழை எண்ணைத் திருப்பித் தரும். லோடு ஆகவில்லை என்று கெர்னல் மாட்யூலை அப்போதே இறக்கிவிடும். தனியாக இறக்கும் வேலை மிச்சம். முதல்முறை பார்ப்பவர் தோல்வி என்றே பதறுவார்.

ஹெச்.டபிள்யூ.பாய்சன் சோதனை மட்டும் எந்தப் பாணிக்கும் எளிதில் அடங்காது. கெட்டுப்போன பக்கம் என்று பொய்யாகக் குறிக்கப்பட்ட பக்கம் ப்ராசஸ் முடிந்தாலும் திரும்பாது. அதன் ஃபிரேம் எண்ணைத் தெரிந்துவைத்து டீபக்-எஃப்.எஸ். வழியே விஷத்தை எடுக்க வேண்டும். எண்ணைத் தொலைத்தால் திண்டாட்டம்தான்.

துப்புரவு சரியா என்று பார்க்க, ஒரே எந்திரத்தில் சோதனையை இருமுறை ஓட்டி மெம்-இன்ஃபோவை முன்னும் பின்னும் ஒப்பிடுவது வழக்கம். ஹியூஜ் பேஜ் மொத்தம் ஒரு பக்கம்கூட மாறக்கூடாது. ஹார்டுவேர் கரப்டட் என்ற வரியும் பழைய எண்ணையே காட்ட வேண்டும். மெம்-ஃப்ரீ குறைந்திருந்தால் உடனே கசிவு என்று கூவ வேண்டாம். பேஜ் கேஷ் தன் பங்குக்கு எடுத்துக்கொண்டிருக்கும். ஸ்லாபில் திரும்பப்பெற முடியாத பகுதி ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஏறிக்கொண்டே போனால்தான் கே-மெம்லீக்கை எழுப்ப வேண்டும்.