வீட்டோடு வரும் பெண்

முதுகலை மாணவிகளுக்கு அங்கதம் பற்றிப் பாடம் எடுக்கும்போது இலக்கியத்தோடு ஒரு திரைப்படத்தையும் சேர்த்துக்கொள்வது என் வழக்கம். சென்ற ஆண்டு, ரிச்சர்ட் ஃபிளைஷர் இயக்கி 1973இல் வெளிவந்த 'சாய்லன்ட் கிரீன்' என்ற அமெரிக்க அறிவியல் புனைவுப் படத்தைத் திரையிட்டேன். படம் முடிந்து விளக்கைப் போட்டதும், அதன் புகழ்பெற்ற கடைசி உண்மையைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். பின்வரிசை மாணவி ஒருத்தி வேறொன்று கேட்டாள்: "மேம், அந்த ஷெர்ல் என்ன ஆனா?"

என்னிடம் பதில் இல்லை. நான்கைந்து முறை பார்த்த படம். ஒருமுறைகூட அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. முனைவர் பட்டமும் பெண்ணிய வாசிப்பும் இருந்தும் ஏன் தோன்றவில்லை என்று யோசித்ததில் பிறந்தது இக்கட்டுரை.

கதை நடப்பது 2022ஆம் ஆண்டின் நியூயார்க்கில். மக்கள்தொகை நான்கு கோடி. வெப்பம் தணிவதே இல்லை. மாடிப்படிகளில் மனிதர்கள் அடுக்கிவைத்தாற்போல் உறங்குகிறார்கள். தண்ணீருக்கும் உணவுக்கும் வரிசை. சாய்லன்ட் என்ற நிறுவனம் தயாரிக்கும் வண்ண வில்லைகளே மக்களின் உணவு. பச்சை வில்லை செவ்வாய்க்கிழமை மட்டும் கிடைக்கும். அது தீர்ந்துபோய்க் கலவரம் வெடிக்கும்போது, காவல்துறை மண் அள்ளும் இயந்திரங்களைக் கொண்டுவந்து மக்களைக் குப்பையைப் போல வாரி எடுக்கிறது. பசித்தவனைக் குப்பையாகப் பார்க்கும் அரசுக்கு இதைவிடக் கூர்மையான அங்கதக் காட்சி வேண்டியதில்லை. நிறுவனத்தின் இயக்குநர் ஒருவர் கொல்லப்பட, அதை விசாரிக்கும் துப்பறிவாளன் தார்ன், பச்சை வில்லை மனிதப் பிணங்களிலிருந்து தயாராகிறது என்று கண்டுபிடிக்கிறான். படம் பார்க்காதவர்களுக்கும் தெரிந்த ரகசியம் இது.

படத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அது ரகசியமே இல்லை. தொடக்கத்திலேயே எல்லோர் முன்னிலையிலும் சொல்லப்படுகிறது. பணக்காரர்களின் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டோடும் ஓர் இளம்பெண் வருகிறாள். அவளுக்குப் பெயர் 'ஃபர்னிச்சர்'. குடியிருப்பவர் மாறினாலும் கட்டிலைப் போல, மேசையைப் போல அவள் அங்கேயே இருப்பாள். கொல்லப்பட்ட இயக்குநரின் வீட்டு ஃபர்னிச்சர்தான் ஷெர்ல். "நம்ம ஊர்ல பொண்ணோட கட்டில் பீரோ வரும், அங்க கட்டில் பீரோவோட பொண்ணு வருது" என்றாள் இன்னொரு மாணவி. வகுப்பு சிரித்தது. பிறகு சிரிப்பு அடங்கிப்போனது.

ஹாரி ஹாரிசன் 1966இல் எழுதிய நாவலைத் தழுவிய படம் இது. நாவலில் ஷெர்ல் ஒரு பணக்காரனின் ஆசைநாயகி. 'ஃபர்னிச்சர்' என்ற ஏற்பாடு படத்துக்காகச் சேர்க்கப்பட்டது. ஆக, திரைக்கதை அந்தச் சொல்லை யோசித்தே போட்டிருக்கிறது. சொல்லளவில் அது நல்ல அங்கதம். கேமரா என்ன செய்கிறது என்பதுதான் என் கேள்வி.

தார்ன் கொலை நடந்த வீட்டுக்கு வருகிறான். அங்கிருக்கும் மாட்டிறைச்சி, மது, சோப்பு, புத்தகங்கள் எல்லாவற்றையும் சுருட்டிக்கொள்கிறான். பிறகு ஷெர்லையும் எடுத்துக்கொள்கிறான். அவள் ஒரு காவலருக்கு மறுப்புச் சொல்லக்கூடிய நிலையில் இல்லை என்பதைப் படம் கவனிக்கவில்லை. அதைக் காதல் என்று நமக்கு விற்கிறது. இறைச்சி தின்றது ஊழல்மிக்க நகரத்தின் அடையாளமாகத் தெரிகிறது. பெண்ணைப் பயன்படுத்தியது கதாநாயகனின் சிறு இளைப்பாறலாகக் கடந்துபோகிறது. கட்டட நிர்வாகி அந்தப் பெண்களை அடிக்கும்போது தார்ன் தடுக்கிறான். அந்த ஏற்பாட்டை அவன் கேள்வி கேட்பதில்லை.

இதே படத்தில் இன்னொரு மனிதரும் ஒரு பொருளின் பெயரால் அழைக்கப்படுகிறார். தார்னோடு வசிக்கும் முதியவர் சோல் ஒரு 'புத்தகம்', அதாவது காவல்துறைக்காகத் தகவல் தேடித்தருபவர். எட்வர்ட் ஜி. ராபின்சன் நடித்த கடைசிப் பாத்திரம். சோலுக்குப் பழைய உலகத்தின் நினைவு இருக்கிறது, கோபம் இருக்கிறது, ஒரு துண்டு மாட்டிறைச்சியைப் பார்த்து அழும் கண்ணீர் இருக்கிறது. அவர் தானாக விரும்பிச் சாகும்போது பீத்தோவனின் இசையும் பூக்கள் நிறைந்த வயல்களும் அவருக்காகத் திரையில் விரிகின்றன. புத்தகம் மனிதராகிவிடுகிறது. ஃபர்னிச்சர் ஃபர்னிச்சராகவே இருக்கிறது. ஷெர்ல் எங்கிருந்து வந்தாள், இளமை போனபின் எங்கே போவாள் என்று அறிய இந்தப் படத்துக்கு ஆர்வமில்லை.

மக்கள்தொகையைப் பற்றிய படத்தில் பெண்ணுக்கு இந்த இடம்தான் என்பது தற்செயலல்ல. ஹாரிசனின் நாவலில் கருத்தடை குறித்த அரசியல் வாதம் முக்கியமானது. படத்தில் அது கரைந்துபோய்விட்டது; அதன் இடத்தில் பிணவுணவு வந்து உட்கார்ந்துகொண்டது. அமெரிக்க உச்சநீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்ததும் இதே 1973இல்தான், ஜனவரியில். பெண் தன் உடல்மீது கொண்ட உரிமைக்காக நாடே வாதிட்டுக்கொண்டிருந்த காலத்தில், நான்கு கோடிப் பேர் நெரியும் நகரத்தைக் கற்பனை செய்தவர்கள், அவர்களைப் பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டே ஆண்டுகள் கழித்து வந்த 'தி ஸ்டெப்ஃபோர்ட் வைவ்ஸ்' படத்தில் சந்தேகப்படுபவள் பெண், தேடிப்போகிறவளும் அவளே. ஜோவானா புகைப்படம் எடுப்பவள். தன் ஊர் மனைவிகள் ஏன் இவ்வளவு பளபளப்பாக, இவ்வளவு கீழ்ப்படிதலோடு இருக்கிறார்கள் என்று துருவுகிறாள். கணவர்கள் மனைவியரைக் கொன்று அவர்களைப் போன்ற இயந்திரங்களை வைத்திருக்கிறார்கள் என்ற உண்மை வெளிப்படுகிறது. அவளும் தோற்கிறாள். கடைசியில் பல்பொருள் அங்காடியில் அந்தப் பதுமைகள் தள்ளுவண்டியோடு நிதானமாக நகர்கின்றன. ஆனால் அங்கே பார்வையாளருக்கு உடல் நடுங்கும். பெண் பொருளாக்கப்படுவதே அந்தப் படத்தின் அதிர்ச்சி. 'சாய்லன்ட் கிரீன்' அதே அதிர்ச்சியைக் கையில் வைத்திருந்தும் வீட்டு அலங்காரமாக மூலையில் வைத்துவிட்டது.

மனிதரைச் செத்தபின் தின்பது குற்றம் என்று தார்ன் இறுதியில் ரத்தம் ஒழுகக் கத்துகிறான். மனிதரை உயிரோடு வீட்டோடு சேர்த்து வாடகைக்கு விடுவது பற்றி அவனுக்குக் கத்த எதுவுமில்லை. மறைத்துச் செய்வதைக் கண்டுபிடித்தால் அது ஊழல்; வெளிப்படையாகச் செய்வது வழக்கம். அங்கதம் கடிக்க வேண்டியது வழக்கத்தைத்தான்.

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். படத்தில் பதில் இருக்கிறது, நான்தான் தவறவிட்டிருக்கிறேன். ஆலையிலிருந்து தப்பிவரும் தார்ன் ஷெர்லோடு தொலைபேசியில் பேசுகிறான். அவள் அவனிடம் வர விரும்புகிறாள். வீட்டுக்குப் புதிதாக வந்தவரோடேயே இருந்துவிடச் சொல்கிறான். சில நொடிக் காட்சி. அதன்பின் துப்பாக்கிச் சத்தம் தொடங்கிவிடும், நாம் அவளை மறந்துவிடுவோம்.

இந்த ஆண்டும் அதே படத்தைத் திரையிடப்போகிறேன். அந்தத் தொலைபேசிக் காட்சியில் நிறுத்தி, அங்கிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும்.