வகையை யார் சொல்வது? சிமேக், மெசான்: ஒரு மதிப்பீடு

‘செல்லூர்’ என்ற சொல் கணினியின் நினைவகத்தில் எட்டு யூனிகோடு குறிகளாக இருக்கிறது. அதில் ஒற்றைக்கொம்பு சகரத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது. திரையிலோ முன்னால் வந்து நிற்கிறது. இந்த இடமாற்றத்தையும், லகரத்தோடு ஊகாரக் குறி சேர்ந்து ஒரே வடிவமாவதையும் ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு, லிபர்ஆபிஸ் ஆகியவற்றில் செய்துகொடுப்பது ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரி. மூல நிரல் ஒன்றுதான். ஃபயர்ஃபாக்ஸ் அதைத் தன் நிரலோடு சேர்த்தே கட்டிக்கொள்கிறது. டெபியனும், சென்னை சி-டாக் டெபியனை அடியாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதைப் பல செயலிகள் பகிரும் தனிக் கோப்பாக வைக்கின்றன. தமிழ் வாசகர் அறியாமலே அன்றாடம் பயன்படுத்தும் இந்த லைப்ரரியை உரைகல்லாக வைத்து, லைப்ரரி வகைகளை வரையறுப்பதில் பில்டு கருவிகள் எப்படி என்று பார்க்கலாம்.

அளவுகோலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு லைப்ரரியைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இது எதற்கு: பிற நிரல்கள் இணைத்துக்கொள்ளவா, ஓடும்போது ஏற்றப்படும் பிளகின்னா, வெறும் உள்வேலைப் பிரிவா? எந்த வடிவில் வெளிவரும்: செயலியோடு சேர்த்தே கட்டும் ஸ்டாட்டிக்கா, தனிக் கோப்பாகப் பகிரும் ஷேர்டா? இதைப் பயன்படுத்துபவருக்கு வேறு என்னென்ன தேவை? முதலும் மூன்றாவதும் நிரல் எழுதியவருக்கு மட்டுமே தெரிந்தவை. நடுக்கேள்வி பெரும்பாலும் கட்டி வெளியிடுபவருடையது. நெசவுப் பகுதியான செல்லூரில் தறி போட்டவர் நூல் ரகத்தையும் அகலத்தையும் சொல்வார். அது சட்டையாகுமா உறையாகுமா என்பது வாங்குகிறவர் பாடு. இந்தக் கேள்விகளைப் பிரித்து, உரியவரிடம் உரியதைக் கேட்கும் கருவியே நல்ல கருவி.

1990களின் லிப்டூல் என்ற கருவி இந்தப் பிரிவினையை ஓரளவு அறிந்திருந்தது. வடிவத்தைக் கட்டுபவரிடம் விட்டது. பிளகின்னுக்குத் தனிக் கொடி வைத்தது. நிறுவாத உள் லைப்ரரிக்கும் இடம் தந்தது. ஆனால் ஒவ்வொரு கோப்பையும் இருமுறை கம்பைல் செய்து நேரத்தைத் தின்றது, போன இடமெல்லாம் தன் விவரக் கோப்புகளை விட்டுச் சென்றது. கருத்து சரி, கைவினை மோசம்.

2000இல் வெளிவந்த சிமேக்கில் கைவினை தேர்ந்தது, கருத்து குழம்பியது. அதன் ‘ஆட்-லைப்ரரி’ கட்டளையில் பெயருக்கு அடுத்த சொல்லில்தான் வகை உட்காருகிறது. ஸ்டாட்டிக், ஷேர்டு, மாட்யூல், 2012இல் ஆப்ஜெக்ட், 2014இல் இன்டர்ஃபேஸ், இவற்றோடு அலியாஸ் என்று அந்த ஓரிடத்தில் ஒரு கூட்டமே நிற்கிறது. இவை ஓரினத்தைச் சேர்ந்தவை அல்ல. ஸ்டாட்டிக்கும் ஷேர்டும் வடிவம். மாட்யூல் பயன்பாட்டு முறை. இன்டர்ஃபேஸ், தலைப்புக் கோப்புகள் மட்டுமே உள்ள, பொருளே விளையாத லைப்ரரிக்கான ஏற்பாடு. அலியாஸ் வெறும் மாற்றுப்பெயர். வேறு வேறு கேள்விகளுக்கான விடைகளை ஒரே பெட்டியில் நிரப்பச் சொல்லும் படிவம் இது.

வடிவத்தைச் சொல்லாமல் விட சிமேக்கும் அனுமதிக்கிறது. கட்டுபவர் ‘பில்டு-ஷேர்டு-லிப்ஸ்’ என்ற மாறியால் தீர்மானிக்கலாம். ஆனால் அங்கே சரியான வழி ஒரு வெற்றிடமாக இருக்கிறது. வகையை எழுதாமல் விட்டவர் தெரிந்து விட்டாரா, மறந்து விட்டாரா என்று படிப்பவருக்குத் தெரியாது. ‘ஸ்டாட்டிக்’ என்று எழுதிவிட்டாலோ அந்த மாறிக்கு மதிப்பில்லை. எதுவும் சொல்லாவிட்டால் ஸ்டாட்டிக்தான் விளையும். அதுவும் இயல்பில், நினைவகத்தில் எங்கும் இடம்பெயரும் வகையில் கம்பைல் செய்யப்படாமல். அதை ஒரு ஷேர்டு லைப்ரரிக்குள் சேர்க்கப்போனால் 64 பிட் லினக்ஸில் லிங்கர் பெரும்பாலும் மறுத்துவிடும். கற்றுக்கொள்பவர்களை இவ்வளவு அடிக்கடி தடுக்கிவிடும் இயல்புநிலையைப் பாதுகாக்க வாதம் கிடைப்பது கடினம்.

கம்பைல் செய்த கோப்புகளை ஒன்றாகக் கட்டாமல் அப்படியே தரும் ஆப்ஜெக்ட் வகையின் குறை இன்னும் நுட்பமானது. நேரடியாக இணைப்பவருக்கு மட்டும் அதன் ஆப்ஜெக்ட் கோப்புகள் போய்ச் சேரும். அவரை இணைப்பவருக்குப் போகாது. மற்ற வகைகளில் கடத்தப்படுவது இதில் மட்டும் பாதியில் நிற்கிறது. காரணம் இருக்கிறது, இரட்டை வரையறைகளைத் தவிர்ப்பது. ஆனால் லைப்ரரி என்ற பெயரின் கீழ் வைத்தபின் லைப்ரரிபோல நடக்காதது வகைப்பாட்டுப் பிழைதான்.

இத்தனைக்கும் பிறகு, மூன்றாம் கேள்விக்கு சிமேக் அளித்த விடைதான் இத்துறையின் பெரிய சாதனை என்பேன். பப்ளிக், பிரைவேட், இன்டர்ஃபேஸ் என்ற மூன்று சொற்களால், ஒரு லைப்ரரி தனக்கு மட்டும் வேண்டியதையும், தன்னை எடுப்பவருக்கும் சேர வேண்டியதையும் பிரித்துச் சொல்ல முடிகிறது. நிறுவிய பிறகும் அந்தத் தகவல் அழிவதில்லை. பிளகின்னை யாராவது இணைக்க முயன்றால் பிழை என்று நிறுத்துகிற கண்டிப்பும் அதற்கு உண்டு. லினக்ஸில் பிளகின்னும் ஷேர்டு லைப்ரரியும் கோப்பளவில் ஒன்றே என்பதால் இந்தக் கண்டிப்பு பலருக்கு அநாவசியமாகத் தோன்றும். மேக்கில் இரண்டும் வேறு வேறு கோப்பு வகைகள். அங்கே போனால் அருமை தெரியும்.

யுஸ்ஸி பக்கனென் 2013இல் வெளியிட்ட மெசான், படிவத்தைப் பிரித்தது. ஸ்டாட்டிக்குக்கு ஒரு கட்டளை, ஷேர்டுக்கு ஒன்று, பிளகின்னுக்கு ஒன்று, இரண்டு வடிவமும் வேண்டுமென்றால் அதற்கொன்று. இவற்றுக்கு மேல், அடைமொழி ஏதுமில்லாத ‘லைப்ரரி’. அதை எழுதினால் ‘வடிவம் கட்டுபவர் விருப்பம்’ என்று பொருள். சிமேக்கில் மௌனமாக இருந்தது இங்கே ஒரு கூற்றாகிறது. மிகச் சிறிய பெயரை மிகச் சரியான வழிக்குக் கொடுத்தது நல்ல வடிவமைப்பு. 2020இல் மெசானைச் சேர்த்துக்கொண்ட ஹார்ஃப்பஸ் அந்த ‘லைப்ரரி’ என்ற சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. கட்டுபவர் ஒன்றும் சொல்லாவிட்டால் ஷேர்டு. சொன்னால் ஸ்டாட்டிக், அல்லது இரண்டும். இரண்டும் கேட்டால் பொதுவாக ஒருமுறை கம்பைல் செய்த கோப்புகளே இரண்டுக்கும் போகின்றன. லிப்டூலின் பழைய கடன் இங்கே அடைபட்டது.

ஆனால் இந்தச் சுதந்திரம் விண்டோஸில் செல்லாக்காசாகிவிடக் கூடும். அங்கே ஷேர்டு லைப்ரரி எந்தெந்தப் பெயர்களை வெளியே காட்டும் என்பதை நிரலிலேயே குறிப்பது வழக்கம். பயன்படுத்துபவரின் தலைப்புக் கோப்பும் தான் எந்த வடிவத்தோடு சேர்கிறது என்று அறிந்திருக்க வேண்டிவரும். வடிவம் கட்டுபவர் கையில் என்று அறிவித்துவிட்டு, அதன் விளைவை நிரல் எழுதியவர் தலையில் வைப்பது முழுமையான தீர்வல்ல. சிமேக்கில் இதற்கான தலைப்புக் கோப்பை உருவாக்கித்தரும் தொகுதி வெகுகாலமாக இருக்கிறது. தலைப்புக் கோப்பு மட்டுமே உள்ள லைப்ரரியிலும் மெசான் பின்தங்குகிறது. அதற்கான அறிவிப்பு திட்டத்தைக் கட்டும்போது மட்டுமே உயிர்வாழும். நிறுவியபின் வெளியாருக்குத் தகவல் சொல்லும் வேலை பிகேஜி-கான்ஃபிக் கோப்பிடம் போகிறது. ஸ்டாட்டிக் வடிவத்துக்கு மட்டுமான கம்பைலர் கொடிகளைச் சொல்ல மூல பிகேஜி-கான்ஃபிக்கில் இடமே கிடையாது. பிற்பாடு வந்த பிகேஜி-கான்ஃப் என்ற மாற்றுக் கருவி அதைச் சேர்க்க வேண்டியிருந்தது.

இரு கருவிகளும் சொல்லித்தராத பகுதியில்தான் ஹார்ஃப்பஸ் ஆசிரியர்களின் நுண்ணறிவு தெரிகிறது. ஐசியு என்ற யூனிகோடு லைப்ரரி ஒவ்வொரு பெரிய பதிப்பிலும் தன் பைனரி இணக்கத்தை முறித்துவிடுகிறது. அதோடு ஒட்டும் பகுதியை ஹார்ஃப்பஸ்-ஐசியு என்று தனி லைப்ரரியாக வைத்ததால், அந்த ஆட்டம் மூல லைப்ரரியைத் தொடுவதில்லை. சி++ மொழியில் எழுதப்பட்டும் ஹார்ஃப்பஸ், சி++ ரன்டைம் லைப்ரரியின் மேல் சாயாமல் வெளிவருகிறது. அதைச் சரிபார்க்கச் சோதனையும் உண்டு. வகைப்பாட்டை எந்தக் கருவியும் எழுதித்தரலாம். எங்கே வெட்டுவது என்பது ஆசிரியரின் தீர்ப்பு.

என் முடிவு இது. வகையை வரையறுப்பது என்ற ஒற்றைக் கேள்வியில் மெசான் மேல். கேள்விகளைக் கலக்காததே காரணம். வரையறுத்ததைப் பயன்படுத்துபவர்வரை கொண்டுபோவதில் சிமேக் மேல், அதுவும் நல்ல இடைவெளியில். பாஸ் லினக்ஸ் போன்ற விநியோகத்துக்கு ஷேர்டு வேண்டும், ஒரு பாதுகாப்புத் திருத்தம் ஒரே கோப்பில் முடியும். தனிச் செயலி தருபவருக்கு ஸ்டாட்டிக் வசதி. எல்ஜிபிஎல் உரிமத்தில் உள்ள லைப்ரரி என்றால் அவர் மறுபடி இணைக்க வழிவிடும் கடமையையும் ஏற்க வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் நிரல் எழுதியவர் மேசையில் தீராது. எனவே தமிழ் எழுத்துச் செயலாக்கத்துக்குப் புதிதாக சி அல்லது சி++ லைப்ரரி எழுதுபவர் சிமேக்கில் எழுதினாலும் ‘ஸ்டாட்டிக்’ என்ற சொல்லை வெளியே தரும் லைப்ரரியில் இடாமல், உள்வேலைப் பகுதிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. இடாமல் விட்டது வேண்டுமென்றுதான் என்று பக்கத்தில் ஒரு வரி குறிப்பு எழுத வேண்டியிருப்பதை சிமேக்கின் கணக்கில் குறையாகவே வைக்கிறேன்.