மௌனத்தைப் படித்தவர்கள்: அருணை மலையடியில் மூன்று எழுத்தாளர்கள்

1902ஆம் ஆண்டு வருவாய்த்துறை அலுவலரான சிவப்பிரகாசம் பிள்ளை, அருணாசல மலைக்குகையில் வாழ்ந்த இளந்துறவி ஒருவரிடம் சில கேள்விகளைக் கேட்டார். பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்த அத்துறவி அக்காலத்தில் பேசுவதில்லை. சைகையாலும், மணலிலும் சிலேட்டிலும் எழுதியும் விடையளித்தார். அவ்விடைகள் 1923இல் ‘நான் யார்?’ என்னும் சிறுநூலாக வெளிவந்தன.

விவிலியம் அறிந்த நமக்கு இந்நிகழ்ச்சி யோவான் நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தை நினைவூட்டும். குற்றம் சாட்டப்பட்ட பெண்ணின் முன் நம் ஆண்டவர் குனிந்து தரையில் எழுதினார். என்ன எழுதினார் என்பதை நற்செய்தியாளர் சொல்லவில்லை. எனினும், முதியோர் தொடங்கி ஒவ்வொருவராகக் கூட்டம் கலைந்தது. அவர் வாய்திறந்து சொன்னதோடு, அந்தக் குனிதலையும் அவர்கள் படித்திருக்க வேண்டும்.

உடலும் பேசுகிறது, மௌனமும் பேசுகிறது. ஆனால் எந்த மொழியில்? சொற்களுக்கு அகராதி உண்டு, சைகைகளுக்கு இல்லை. ஆகவே வேற்று மொழியைக் கேட்டால் ‘புரியவில்லை’ என்று ஒப்புக்கொள்ளும் நாம், வேற்றுப் பண்பாட்டின் சைகையைக் கண்டால் ‘புரிந்துவிட்டது’ என்று எண்ணிக்கொள்கிறோம். கடைக்காரர் தலையை இருபுறமும் மெல்ல ஆட்டினால் நமக்கு அது சம்மதம்; மேலைநாட்டவருக்கு அது மறுப்பு, அல்லது தயக்கம். பெரியவர் முன் நம் பிள்ளைகள் கண்களைத் தாழ்த்துவது மரியாதை. மேலைநாட்டு ஆசிரியருக்கோ அது எதையோ மறைக்கும் பார்வை.

திருவண்ணாமலையின் மௌனத்தைச் சந்தித்து அதைப்பற்றி எழுதிய மேலைநாட்டவர் மூவரை இக்கண்ணோட்டத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது. முதலாமவர் ஆங்கிலப் பத்திரிகையாளர் பால் பிரண்டன். 1931இல் ரமணாசிரமம் வந்த இவர், 1934இல் தம் இந்தியத் தேடலை நூலாக வெளியிட்டார். கேள்விகளை வரிசைப்படுத்திக்கொண்டு வந்தவர் அவர். மகரிஷியோ அவரைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. விருந்தினர் வந்தால் முகமன் கூறுவதும் கண்பார்த்துப் பேசுவதும் அவர் ஊர் வழக்கம். ஆகவே அந்த மௌனம் முதலில் அவருக்குப் புறக்கணிப்பாகவே பட்டது. நேரம் செல்லச் செல்லக் கேள்விகள் தாமே உதிர்ந்துவிட்டன என்று எழுதுகிறார். இந்நூலின் சிறப்பு இப்பகுதியே. குறையும் இங்கேதான் இருக்கிறது: புரியாத ஒன்றை உடனே ‘மறைபொருள்’ என்று பெயரிட்டுவிடும் அவசரம் பிரண்டனிடம் உண்டு. கூடத்தில் உடனிருந்த எளிய தமிழ்மக்கள், கோயிலில் காட்சி காண்பதுபோலக் ‘கண்டாலே போதும்’ என்று அமர்ந்திருந்தார்கள். தரிசனம் என்னும் அந்த அன்றாட வழக்கத்தைக் கற்றிருந்தால், பாதி மர்மம் அகன்றிருக்கும்.

இரண்டாமவர் நாவலாசிரியர் சாமர்செட் மாம். 1938இல் ஆசிரமம் வந்தவர் மகரிஷியைக் காணுமுன்னே மயங்கி விழுந்தார். அவர் படுத்திருந்த இடத்துக்கு மகரிஷியே வந்து அமர்ந்தார். கேட்பதற்கு மாமுக்கு ஒன்றும் தோன்றவில்லை, இருவரும் பேசாதிருந்தனர். இச்சந்திப்பின் சாயல் அவருடைய 1944ஆம் ஆண்டு நாவலில் உண்டு. 1958இல் எழுதிய கட்டுரையிலோ சுவையான செய்தியொன்றைச் சொல்கிறார். அவருக்கு வந்தது வெறும் மயக்கம். முன்பும் அவருக்கு அப்படி நேர்ந்ததுண்டு. இந்தியாவிலோ, அவர் பரம்பொருளில் ஆழ்ந்து சமாதிநிலை எய்தினார் என்ற பேச்சுப் பரவிவிட்டது! அந்நியர்தாம் நம்மைத் தவறாகப் படிக்கிறார்கள் என்று குறைகூறும் நமக்கு இது நல்ல பாடம். ஒரு வெள்ளைக்காரரின் உடற்சோர்வை நாம் நம் சமய இலக்கணத்தைக்கொண்டே படித்தோம்.

மூன்றாமவர் நமக்கு நெருங்கியவர். பிரெஞ்சு நாட்டுக் கெர்கொனான் மடத்தைச் சேர்ந்த பெனடிக்ட் சபைத் துறவி ஆன்றி லெ சோ; நாம் அறிந்த பெயர் சுவாமி அபிஷிக்தானந்தா. 1948இல் தமிழகம் வந்தவர், 1949 சனவரியில் அருட்தந்தை ஜூல்ஸ் மொன்சானினோடு ரமணாசிரமம் சென்றார். மறு ஆண்டில் இருவரும் குளித்தலை அருகே சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினர். அவரது அருணாசல நினைவுக்குறிப்புகள், 1973இல் அவர் இறந்தபின், 1978இல் பிரெஞ்சிலும் அடுத்த ஆண்டில் ஆங்கிலத்திலும் நூலாயின.

இந்நூலை மற்ற இரண்டினும் உயர்ந்ததாக நான் மதிப்பதற்குக் காரணம் அதன் நேர்மை. பேரொளியை எதிர்பார்த்துச் சென்றவர், தம் தாத்தாவை நினைவூட்டும் ஒரு முதியவரை மட்டுமே கண்டதாகவும் ஏமாற்றமடைந்ததாகவும் எழுதுகிறார். அங்குத் தங்கியிருந்த எதெல் மெர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி, அவர் மிகுந்த மூட்டைகளோடு வந்திருக்கிறார் என்று கடிந்துகொண்டார். அறிந்துகொள்ளவும் புரிந்துகொள்ளவும் துடிக்கும் அந்த ஆர்வமே மூட்டை. ‘புரியவில்லை’ என்று ஏற்றுக்கொண்ட பின்னரே அவர் மாணவரானார். தமிழ் கற்றார், 1952 முதல் பலமுறை திரும்பிவந்து மலைக்குகைகளில் மௌனம் காத்தார். தரையில் அமரவும் கையால் உண்ணவும் வெறுங்காலோடு நடக்கவும் பழகினார். ஒரு மொழியைப் பேசிப் பழகுவதுபோல அவர் மௌனத்தை உடலால் பழகினார்.

இந்தப் பாடம் நம் ஆலயங்களோடும் தொடர்புடையது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின், 1969இல் இந்தியத் திருவழிபாட்டுக்கான பன்னிரு தழுவல்களுக்கு உரோமை இசைவளித்தது. முழந்தாட்படியிடுவதற்குப் பதிலாகக் கைகூப்பி வணங்குதல், முத்தமிடுவதற்குப் பதிலாக விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுதல், காலணி களைதல், தரையில் அமர்தல், பஞ்சாங்க வணக்கம் ஆகியன அவற்றுள் சில. ‘நம்மை இந்துக்களாக்குகிறார்களே’ என்று அன்று எழுந்த எதிர்ப்பு இன்றும் முற்றிலும் ஓயவில்லை. ஆனால் ஒரு காலை மடித்து முழந்தாளிடுவது ஐரோப்பிய அரசவையின் வழக்கம். திருநிலைப்பாட்டின்போது புதிய குரு தம் கூப்பிய கைகளை ஆயரின் கைகளுக்குள் வைப்பது, நிலக்கிழாரின் முன் பணியாளன் செய்த உறுதிமொழிச் சடங்கிலிருந்து வந்தது. அவற்றைத் திருச்சபை கிறிஸ்துவுக்கு உரியதாக்கியது. அங்கே ஆனது இங்கே ஏன் ஆகாது?

இவ்வளவும் சொன்னபின், அபிஷிக்தானந்தாவின் நூல்மீது ஒரு குறையையும் சொல்லவேண்டும். அந்நூலில் இந்தியா என்பது பெரும்பாலும் உபநிடதங்களின் இந்தியா. குகையில் மௌனத்தைத் தேர்ந்துகொண்டவர்களை அவர் அன்போடு படித்தார். மௌனமாக இருக்கும்படி பணிக்கப்பட்டவர்களின் உடல்மொழிக்கு அதில் போதிய இடமில்லை. துண்டை இடுப்பில் கட்டிக் கைகட்டிக் குனிந்து நின்ற தலைமுறைகள் நம் திருச்சபைக்குள்ளேயே உண்டு. ஒரே ஆலயத்துக்குள் தனியிடத்தில் அமர்த்தப்பட்டவர்களும் அவர்களே. நெற்றி நிலத்தில் பட விழும் பஞ்சாங்க வணக்கம் ஒருவருக்குப் பக்தியாக இருக்கலாம். மற்றொருவரின் பாட்டனாருக்கு அதுவே பண்ணையார் வாசலின் நினைவாக இருந்திருக்கலாம். ஆகவே இந்தியச் சைகை எது என்று கேட்பதோடு, அது யாருடைய சைகை, யார் முன்னால் செய்யப்பட்டது என்றும் கேட்கவேண்டும். தலித் கிறிஸ்தவ இறையியலார் எழுப்பிய இவ்வினாவைத் தழுவல் பேசுவோர் இன்னும் முழுமையாக எதிர்கொள்ளவில்லை என்பதே என் கருத்து.

விடை ஒருவேளை ஆவணங்களில் இல்லாமல் மக்களிடமே இருக்கலாம். வேளாங்கண்ணியில் முடியிறக்கியபின் மணற்பாதையில் முழந்தாளிட்டு நகரும் தாயைப் பாருங்கள். மொட்டையடித்தல் நம் மண்ணின் நேர்ச்சை. முழந்தாளிட்டு நகர்தல் ஐரோப்பியத் திருத்தலங்களிலும் காணும் பக்திமுயற்சி. இரண்டையும் எவர் இசைவுக்கும் காத்திராமல் அவள் ஒரே மன்றாட்டாக்கிவிட்டாள். அவ்வுடலில் அச்சம் இல்லை. அவளை எவரும் பணியவைக்கவும் இல்லை.

பேதுரு மும்முறை மறுதலித்தபோது ஆண்டவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி அவரை நோக்கினார் என்கிறார் லூக்கா. பேதுரு வெளியே சென்று மனம் கசந்து அழுதார். முற்றத்தில் தீக்காய்ந்துகொண்டிருந்த மற்றவர்களுக்கு அப்பார்வை ஒரு கைதியின் பார்வை மட்டுமே. பேதுருவுக்கு அது விளங்கியதற்குக் காரணம் அவர் ஆண்டவரோடு நடந்ததும், உண்டதும், வாழ்ந்ததுமே. அபிஷிக்தானந்தாவும் மலையடிக்குப் பலமுறை திரும்பிவந்தே கற்றார். அடுத்த ஞாயிறு திருப்பலியில் நம் அருகில் நிற்பவர் கைகூப்பிச் சமாதானம் சொல்லும்போதும், கடைசி வரிசையில் ஒருவர் தலைகுனிந்து ஒதுங்கி நிற்கும்போதும், அவர்களைப் படிக்கும் அளவுக்கு நாம் அவர்களோடு வாழ்ந்திருக்கிறோமா?