சமத்தில் மிதிக்க வேண்டும்

தென்காசிப் பக்கத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த காதுக்கு லூப்பர் பெடல் அந்நியமே இல்லை. வில்லில் வீசுகோல் விழ, குடமும் உடுக்கையும் ஜால்ராவும் ஒரே நடையைப் பிடித்துக்கொள்ள, புலவர் கதைக்குள் எவ்வளவு தூரம் போனாலும் தாளம் இருந்த இடத்திலேயே இருக்கும். எலெக்ட்ரிக் கிட்டாரோடு தனியாக உட்காருபவர் அந்தக் குழு முழுவதும் தானே ஆகிவிடலாம் என்பதுதான் இந்தச் சின்னப் பெட்டி தரும் பரவசம்.

ஒருமுறை மிதித்தால் பதிவாகும். மறுமுறை மிதித்தால் வாசித்தது சுழலத் தொடங்கும். 1973இல் வெளியான ‘நோ புஸிஃபுட்டிங்’ இசைத்தட்டுக்காக ராபர்ட் ஃபிரிப்பும் பிரையன் ஈனோவும் இதை இரண்டு ரிவாக்ஸ் டேப் ரெக்கார்டர்களை வைத்துச் செய்தார்கள். முதல் கருவியில் பதிந்த நாடா இரண்டாவதை எட்டப் பிடிக்கும் விநாடிகளே சுழற்சியின் நீளம். சுற்றுக்குச் சுற்று பழைய ஒலி மங்கும். அந்த மங்கலில்தான் எனக்கு உயிர். தென்காசிப் பக்கத்து ஐந்தருவியின் இரைச்சல் ஒன்றுதான், ஆனாலும் அடுத்த கணம் முந்தைய கணமாக இருப்பதில்லையே, அதைப் போல. பழையதை மெல்லக் கரைக்கும் வசதியுள்ள பெடலைத்தான் வாங்கச் சொல்வேன்.

இரண்டாவது மிதி கடைசிச் சுரம் ஓய்ந்ததும் விழக் கூடாது. அடுத்த ஆவர்த்தனத்தின் சமத்தில், அதாவது அதன் முதல் தட்டில், விழ வேண்டும். கால் பிந்தினால் சுழற்சி நொண்டும். தடித்த தந்தியை உள்ளங்கையால் அமுக்கி, பிக்கப் பக்கம் கட்டைவிரலால் தட்டினால் குடத்தின் ‘தும்’ கிட்டத்தட்ட வந்துவிடும். வால்யூம் குமிழை அடைத்து வைத்துத் தந்தியை மீட்டி, பிறகு குமிழை மெல்லத் திறந்தால் மீட்டிய தடமே தெரியாமல் சுருதி எழும். இந்த இரண்டும் போதும். மூன்றாவதாக ஒரு கார்டு வரிசையை அடுக்கினால் ராகம் மூச்சுவிட இடமிருக்காது.

ஆதி தாளத்தின் எட்டு அட்சரம் அடியில் சுழல, மேலே ஐந்து அட்சரச் சொற்கட்டு ஒன்றை விடாமல் வாசித்துப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அது வேறோர் இடத்தில் தொடங்கும். நாற்பது அட்சரம் கழிந்து, ஐந்தாம் ஆவர்த்தனம் முடியும்போது இரண்டும் சமத்தில் கூடும். பெடல் தாளத்தைப் பார்த்துக்கொள்வதால் கை துணிந்து அலையலாம்.

சாரல் காலத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ஈரக் காற்றில் தந்தி துருப்பிடிக்கும், சுருதியும் நகரும். முதல் அடுக்கு அரைக்கால் இறங்கியிருந்தால் மேலே வைக்கும் ஒவ்வொன்றும் அதோடு மல்லுக்கட்டும். அதை மேலே பூசி மறைக்க முடியாது. அழித்துவிட்டு, தந்தியைத் துடைத்து, சுருதி சேர்த்து மறுபடி மிதிக்க வேண்டியதுதான்.